சிலிண்டர் போகிற வழி

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு மேடம்."

போன மாதம் சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு மதுரையிலிருந்து போன் போட்டு நான் கேட்ட கேள்வியும், அங்கிருந்து வந்த பதிலும் இவ்வளவுதான். பதிலில் பொய் இல்லை. லிஃப்ட் இருந்தது. பளபளவென்று, உள்ளே ஆளுயரக் கண்ணாடியெல்லாம் வைத்து ஜம்மென்று இருந்தது. ஆனால், அந்த லிஃப்டைப் போய்ப் பிடிக்க முதலில் படியேற வேண்டும்.

சிரிக்கிறீர்களா? எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. இந்த வாரம் இந்தப் பக்கம் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தோழி செல்வியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி. இப்போது செல்லூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதிலேயே போலியோ தாக்கி இரண்டு கால்களும் போய்விட்டன. வீல்சேர்தான். தறிச் சத்தம் கேட்கிற செல்லூர் சந்துகளில், ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே அவள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்தால் டூவீலர்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவளுடைய ஒரே மகள் கயல் சென்னையில் இன்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். பட்டமளிப்பு விழா. செல்வியின் கணவருக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் வருகிறேன் என்றேன். சரி என்றவள், ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்கேயும் என்னையத் தூக்கக் கூடாது. தூக்குற மாதிரி இருந்தா நான் வரலை."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எங்களுடைய பட்டமளிப்பு விழாவில் நானும் இருந்தேனே. மேடைக்குப் படிகள் மட்டும்தான். செல்வி பெயரைக் கூப்பிட்டதும் நான்கு பையன்கள் ஓடி வந்து அவளை வீல்சேரோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கணக்கில் அவள் கோல்ட் மெடல் வாங்கியதை அன்றைக்கு யாராவது கவனித்தார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

"அந்தக் கைத்தட்டு எனக்கில்லடி. தூக்குனவங்களுக்கு" என்று அன்று சாயந்திரமே சொல்லிவிட்டாள். மகளின் விழாவுக்காவது தானாகப் போய், தானாகத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அது பெரிய ஆசையா?

விழா அரங்கத்தைக் கயல் முன்கூட்டியே போய்ப் பார்த்து, பக்கவாட்டில் சரிவுப் பாதை இருப்பதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டாள். ஹோட்டலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரமாகப் பொறுப்பேற்றவள் நான்.

சென்னையில் இருக்கும் என் சித்தி மகள், வீடு இருக்கும்போது ஹோட்டலா என்று முறுக்கிக்கொண்டாள். அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதை எடுத்துச் சொன்னதற்கு, "அதுக்கென்ன, எங்க வீட்டுக்காரரும் பசங்களும் தூக்கிருவாங்க" என்றாள். பாசத்தோடுதான் சொன்னாள். அதற்கப்புறம்தான் நான் ஹோட்டல் தேடவே உட்கார்ந்தேன்.

வெப்சைட்டுகளில் என்னென்னவோ படம் போடுகிறார்கள். நீச்சல் குளம், பழத்தட்டு, அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்த டவல்... வாசலை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை. ஏன்? வருகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகவா குதித்துப் போகிறார்கள்?

விமர்சனங்களையும் விடாமல் படித்தேன். பூரி ஆறிப்போயிருந்தது என்று ஒருவர் நீளமாகப் புலம்பியிருந்தார். இன்னொருவருக்குத் தலையணை உயரம். படியைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை. நன்றாக நடக்கிறவர்களுக்குப் படி கண்ணில் படுவதே இல்லை.

கடைசியில் எழும்பூருக்குப் பக்கத்தில் ஓரளவு பெரிய ஹோட்டல் ஒன்றைப் பிடித்தேன். பாத்ரூம் கதவு அகலமா, உள்ளே போக மேடு ஏதும் இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் வந்தது. லிஃப்ட் இருக்கா... இருக்கு மேடம்.

ரயிலில் ஏறி இறங்கிய பாட்டைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. சாயந்திரம் ஹோட்டல் வாசலில் டாக்சி நின்றது. இறங்கிப் பார்த்தால், கீழே முழுக்க கார் பார்க்கிங். அதற்கு மேலே லாபி. நடுவில் வழவழவென்று கிரானைட் படிகள். படிகளின் உச்சியில், ரிசப்ஷனுக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது அந்த லிஃப்ட். அது பார்க்கிங்குக்கு இறங்காதாம்.

மேனேஜர் ஓடி வந்தார். டை கட்டிய மனிதர், மரியாதைக்குக் குறைவில்லை. "ஒண்ணும் பிரச்னை இல்ல மேடம், பசங்க தூக்கிருவாங்க" என்று சிரித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர் வீல்சேரின் இரண்டு பக்கமும் கையை வைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சூட்கேஸிடம் கேட்டுவிட்டா தூக்குகிறோம்?

செல்வி பிரேக்கைப் போட்டாள்.

"கையை எடுங்க தம்பி. ஆளு வச்சுத் தூக்கிட்டுப் போக நான் என்ன அழகரா?"

சித்திரைத் திருவிழாவில் அழகர் சாமியைத் தோளில் தூக்கி வருவதைப் பார்த்த மதுரைக்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. வீல்சேரில் வருகிற கஸ்டமர்கள் எல்லோரும் இப்படித்தான் போவார்கள், இதுவரை ஒருவரும் கம்ப்ளைன்ட் செய்ததில்லை என்றார்.

இந்த 'ஒருவரும் கம்ப்ளைன்ட் செய்ததில்லை' இருக்கிறதே... இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். செய்ய மாட்டார்கள் சார். பயணக் களைப்பு, கூட வந்தவர்களுக்குச் சங்கடம், நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போவார்கள். மறுமுறை வெளியூர்ப் பயணமே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்கள் வராததை நீங்கள் திருப்தி என்று எடுத்துக்கொள்வீர்கள்.

இதை நான் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லாபியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் படி இறங்கி வந்தார். அவருடைய அம்மாவையும் இப்படித் தூக்கித்தான் போனார்களாம். இதில் என்ன கௌரவம் பார்க்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளக் கூடாதா என்று என்னிடம் கேட்டார். கவனியுங்கள், என்னிடம். செல்வி அங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு வாயும் இருக்கிறது. வீல்சேரில் இருக்கிறவர்களோடு பேசுவதென்றால் அதைத் தள்ளுகிறவரிடம் பேச வேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அட்ஜஸ்ட் செய்வது எப்போதும் ஏன் அவளாகவே இருக்க வேண்டும்? கட்டடம் ஒரு தடவை அட்ஜஸ்ட் செய்துகொள்ளக் கூடாதா?

எங்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன. பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஆனால், உள்ளே நுழையும்போதே, "மூணாவது மாடிண்ணே, நடந்துதான் ஏறணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். வேண்டுமானால் இரு, இல்லாவிட்டால் அடுத்த லாட்ஜைப் பார். தலைநகரத்தில் அந்த நேர்மைக்கும் வழியில்லை.

வேறு ஹோட்டல் தேடலாம் என்று நான் போனை எடுத்தேன். செல்வி தடுத்தாள். அங்கேயும் லிஃப்ட் இருக்கும், அங்கேயும் இதே கதைதான் நடக்கும் என்றாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, கிளாஸில் கடைசி பெஞ்ச்சைக் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"உங்க கிச்சன் எந்த மாடி?"

லாபிக்கு மேல் மாடி என்றார்.

"கேஸ் சிலிண்டர் எப்படி மேல போகுது?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தயங்கித் தயங்கி, பின்பக்கம் ஒரு சரிவும் சர்வீஸ் லிஃப்டும் இருப்பதாகவும், அது தரையிலிருந்தே கிளம்பும் என்றும், ஆனால் அது சாமான்களுக்கு மட்டும்தான், கெஸ்ட்களுக்கு அது நன்றாக இருக்காது என்றும் சொன்னார். ஆளைத் தூக்குவது நன்றாக இருக்குமாம். சாமான் லிஃப்டில் ஆள் போவது நன்றாக இருக்காதாம்.

"வெங்காய மூட்டை போற வழியில நானே போய்க்கிறேன்" என்று செல்வி சக்கரத்தைத் திருப்பிவிட்டாள்.

போனோம். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவரை ஒட்டி, சாம்பார் வாசனை அடிக்கிற லிஃப்டில் ஏறி, கிச்சன் நடுவே புகுந்து வெளியேறி, அறைக்கு. அங்கே இருந்த வரைக்கும் எங்களுக்கு அதுதான் ராஜபாட்டை. தோசைக்கல் முன்னால் நின்றவர் மேலூர்க்காரர். செல்வியின் பேச்சைக் கேட்டதும், "நம்ம ஊராக்கா?" என்று முகம் மலர்ந்து, ஒவ்வொரு தடவையும் சூடாகக் காபி கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால், காபி கொடுத்ததால் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்பாக இருப்பதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வழி போடத்தான் ஒருவரும் இல்லை.

மறுநாள் விழா. கயல் சொன்ன மாதிரியே அரங்கத்தின் பக்கவாட்டில் சரிவுப் பாதை. செல்வி தன் கையால் சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. கயல் கறுப்பு அங்கியோடு மேடையேறிப் பட்டம் வாங்கியபோது அரங்கம் கைதட்டியது. செல்வி தட்டவில்லை. இரண்டு கையாலும் வீல்சேரின் பிடியை இறுக்கிக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கைத்தட்டு பட்டத்துக்குத்தான்டி" என்றாள் கடைசியில். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களை இவ்வளவு இம்சித்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை ரூமைக் காலி செய்துவிட்டுக் கீழே வருகிறோம். பின்பக்கம் காய்கறி லாரி நின்றுகொண்டிருந்ததால் இறங்க முடியவில்லை. சரி என்று லாபி பக்கம் போனால், வாசலில் ஒரே பரபரப்பு. அன்று சாயந்திரம் ஹோட்டல் ஹாலில் ஒரு வரவேற்பு. சவுண்ட் சர்வீஸ் வேன் வந்திருந்தது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், அடியில் சின்னச் சின்னச் சக்கரங்களோடு. படிகளின் மேல்... நீளமாக, அகலமாக, அம்சமாக ஓர் இரும்புச் சரிவு. மேலே ரப்பர் விரிப்பு வேறு, வழுக்கக் கூடாதாம்.

ஸ்பீக்கர் பெட்டிகள் ஒவ்வொன்றாக, ராஜ மரியாதையோடு, முன்வாசல் வழியாக உருண்டு வந்துகொண்டிருந்தன.

செல்விதான் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"முந்தாநாள் இது எங்க இருந்துச்சு?"

"ஸ்டோர்ல மேடம்" என்றார் அவர். "அது... ஃபங்ஷன் சாமானுக்கு வச்சிருக்கறது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மறைத்து வைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. படிக்கு முன்னால் சக்கரத்தோடு ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தபோது, சக்கரத்துக்கென்றே செய்து வைத்த சரிவு ஸ்டோரில் கிடப்பது அவர் நினைவுக்கே வரவில்லை. ஸ்பீக்கரைக் கண்டதும் வந்துவிட்டது. ஸ்பீக்கர் கீழே விழுந்தால் உடையும். செல்விக்கு என்ன உடையும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் செல்வி ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னாள். பின்னால் பிடித்துக்கொள்ள மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தாள். அந்த இரும்புச் சரிவில், முன்வாசல் வழியாக, தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினாள்.

டாக்சியில் ஏறிய பிறகும் நான் அடங்கவில்லை. ஹோட்டலைக் கிழித்து விமர்சனம் எழுதப்போகிறேன், நட்சத்திரம் ஒன்றுகூடக் கொடுக்கப் போவதில்லை என்று போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். செல்வி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அதெல்லாம் எதுக்கு? அடுத்த தடவை ரூம் போடும்போது ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி வருதுன்னு சொல்லிரு. அது கூடவே நானும் வந்துக்கிறேன்."