பென்சில் ஏறாத பளபளப்பு

யெவ்லே ஊரில் அந்த நாற்பத்திரண்டு வீட்டுக் குடியிருப்பில், மார்கித் ஹாலினின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையெழுத்துத் தெரியாதவர்கள் கிடையாது. கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவையறை. அதன் சுவரில் ஒட்டியிருந்த சீட்டு அத்தனையும் அவள் கைவரிசை. ‘மெஷினின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்.’ ‘அடுத்தவர் நேரத்தில் துணி காயப்போடக் கூடாது.’ ‘ஒற்றைக் காலுறைகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல.’

அவளுக்கு வயது அறுபத்தொன்று. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. கணவன் விட்டுப்போய்ப் பதினாறு வருஷம். போனது நல்லதாய்ப் போயிற்று என்று பூனையிடம் மட்டும் சொல்லுவாள். குடியிருப்புச் சங்கத்தில் சலவையறைப் பொறுப்பு அவளுடையது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நேருக்கு நேர் நின்று குறை சொல்ல நாக்கு எழாது. மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் வருகிற சத்தம் கேட்டால், அவர் போய்த் தொலையும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஒரு சீட்டும் பேனாவும் கொடுத்துப் பாருங்கள், வெளுத்து வாங்கிவிடுவார்கள்.

மார்கித்தின் சீட்டுகளுக்குப் பதில் எழுதுகிறவர் ஒருவர்தான். மூன்றாம் மாடி ஹில்டிங், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். வியாழக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஏழு மார்கித்தின் சலவை நேரம். ஏழிலிருந்து ஒன்பது அவருடையது. அவள் புதுச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலை அதன் அடியில் பென்சிலில் பதில் இருக்கும். அதற்கென்றே ஆணியில் நூல் கட்டி ஒரு பென்சிலையும் தொங்கவிட்டிருந்தார் மனிதர்.

‘வடிகட்டியில் சாம்பல் நிறப் பஞ்சு! யார் வேலை இது?’ என்று அவள் எழுதினாள்.

‘அதிகாரியம்மா, என் சட்டையெல்லாம் நீலம். உங்க வீட்டுப் பூனை என்ன நிறம்னு கொஞ்சம் விசாரிங்க’ என்று பதில்.

‘ரெண்டே சட்டைக்காக இவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுவது அநியாயம்.’

‘ரெண்டு இல்லம்மா, மூணு. ஒண்ணு கூச்சப்பட்டு உள்ள ஒளிஞ்சிருக்கு.’

படித்துவிட்டு, “திமிர் பிடிச்ச மனுஷன்” என்று மார்கித் வாய்விட்டுத் திட்டுவாள். திட்டிக்கொண்டே சிரிப்பாள். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பென்சில் எழுத்தைப் படிக்காவிட்டால் அவளுக்குக் காபி தொண்டையில் இறங்காது. படிக்கட்டில் அவரைப் பார்த்தால் வணக்கமாக ஒரு “ஹேய்” மட்டும் சொல்லுவாள். அவரும் “ஹேய்” என்பார். ஏழு வருஷத்தில் பேச்சு அதைத் தாண்டியதில்லை.

சிக்கல் ஆவியால் வந்தது. துவைக்கிற அறை அல்லவா? பத்தே நாளில் காகிதம் சுருண்டு, மை வழிந்து, ‘கூடாது’ என்பதில் ‘கூ’ மட்டும் மிச்சம் இருக்கும். எழுதி எழுதி அவளுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. மார்ச் மாதச் சங்கக் கூட்டத்தில், எல்லோரும் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

“நமக்கு ஒரு லேமினேட்டிங் மெஷின் வேணும்.”

சங்கத் தலைவி பெர்நில்லா நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு மார்கித்? உங்க கோபம் நூறு வருஷம் கெடாம இருக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். மார்கித் சிரிக்கவில்லை. ஆனால் மெஷினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பல் பிடுங்க வந்தவர்கள் முன்னால் வரிசையில் காத்திருக்க, அவள் மேசைக்கு அடியில் விளம்பரத் தாள்களைப் புரட்டினாள். சூடாக எத்தனை நிமிஷம், தாள் உள்ளே சிக்கினால் விடுவிக்கப் பிடி இருக்கிறதா, உருளை இரண்டா நாலா. சனிக்கிழமை எழுதுபொருள் கடைக்குப் போனபோது கேள்விகளை ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு போனாள்.

கடைக்காரி யோர்டிஸ் பொறுமைசாலி. “வீட்டு உபயோகத்துக்கும் சின்ன ஆபீசுக்கும் இது போதும். பெரிய தாள் அளவு மெஷின் வாங்கி அலமாரியை அடைக்காதீங்க. நாலு உருளை இருக்கிறதால தாள் சுருங்காது. சிக்கிக்கிட்டா இந்தப் பிடியைத் தூக்கினா போதும், வெளிய வந்துடும்.”

“கவர் எவ்வளவு தடிமன்ல வாங்குறது?”

“எண்பது மைக்ரான் எடுங்க. நூத்தி இருபத்தஞ்சு அட்டை மாதிரி விறைப்பா நிக்கும், தினம் கைபடற சாமானுக்குச் சரி. சுவத்துல ஒட்ட எண்பது தாராளம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, தாளோட ஓரத்தை ஒட்டி வெட்டிடாதீங்க. சுத்தி ஒரு விரல் பிளாஸ்டிக் விடணும். இல்லேன்னா ஈரம் உள்ள பூந்துடும்.”

“சரி.”

“பளபளப்பா வேணுமா, மங்கலா வேணுமா? மங்கலானதுல வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. மேல பென்சில்ல எழுதவும் செய்யலாம்.”

மார்கித்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எழுதவா? சுவத்துல இருக்கிற சட்டத்து மேல எவனும் கிறுக்கக் கூடாதுன்னுதானே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்! பளபளப்பையே குடுங்க. நூறு.”

வாய் பேசிய வேகத்தில் மனசைக் கேட்க மறந்துபோனாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் சமையலறை மேசையே பட்டறையாகிவிட்டது. முதல் தாளை ஓரத்தை ஒட்டி வெட்டிக் கெடுத்தாள். இரண்டாவது கோணலாகப் போனது. மூன்றாவதிலிருந்து கை படிந்துவிட்டது. வியாழக்கிழமை சலவையறைச் சுவரில் பதினோரு அறிவிப்புகள் கண்ணாடியாய் மின்னின. அவள் பின்னால் நகர்ந்து நின்று ரசித்தாள். நடுவில் வடிகட்டிச் சீட்டு, ஹில்டிங்கின் பென்சிலுக்கு நேர் மேலே.

வெள்ளிக்கிழமை காலை இறங்கிப் பார்த்தாள். பதில் இல்லை.

‘ஊரில் இல்லைபோல’ என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வடிகட்டியைத் திறந்தால் ஒரு பொட்டுப் பஞ்சு இல்லை. தரை துடைத்திருந்தது. இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் சோப்புப் பெட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஏழு வருஷமாக எழுதிப் பார்த்தும் நடக்காதது ஒரே பிளாஸ்டிக் உறையில் நடந்துவிட்டது.

“அடேங்கப்பா, சலவையறை பளிச்சுன்னு இருக்கே! உங்க மெஷினுக்குச் சிலையே வைக்கலாம்” என்றாள் பெர்நில்லா.

“ஆமாமா” என்றாள் மார்கித். சொல்லிவிட்டு, சீட்டின் அடியில் இன்னொரு தடவை பார்த்தாள்.

அடுத்த நாள் படிக்கட்டில் ஹில்டிங் எதிரே வந்தார். இருவரும் வழக்கம்போல “ஹேய்” சொன்னார்கள். அவள் ஒரு படி தாண்டி நின்றுவிட்டாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த வார்த்தை வந்தது.

“வடிகட்டி... இப்பல்லாம் சுத்தமா இருக்கு.”

“நீங்கதான் கண்டிப்பா எழுதிப் போட்டிருக்கீங்களே” என்றார் அவர். குரலில் கேலி இல்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

மார்கித் வீட்டுக்குப் போகாமல் நேரே சலவையறைக்குப் போனாள். அந்த நடுச் சீட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து, குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள். பளபளப்பின் மேல் மெல்லிசாய்க் கீறல்கள். பென்சில் வழுக்கி வழுக்கி ஓடிய தடம். ‘அதிகாரியம்மா, இதுல எப்படி’ என்பதுவரை படிக்க முடிந்தது. அதற்கு மேல் அவர் முயற்சி செய்யவில்லை.

“அட மடச்சி” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். “கிறுக்குறதுக்கு ஒரே ஒரு ஆளு இருந்தாரு, அவரு வாயையும் உறை போட்டு அடைச்சிட்டியே.”

சனிக்கிழமை கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள்.

“என்னாச்சு, மெஷின்ல கோளாறா?” என்றாள் யோர்டிஸ்.

“மெஷின்ல ஒண்ணுமில்ல. என்கிட்டதான் கோளாறு. மங்கல் கவர் குடுங்க. பாதித் தாள் அளவுல.”

யோர்டிஸ் காரணம் கேட்கவில்லை. “ரப்பர் போட்டாப் பென்சில் அழிஞ்சிடும். துடைச்சுத் துடைச்சு எழுதிக்கலாம்” என்று மட்டும் சொல்லி ஒரு ரப்பரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

புதுச் சீட்டுக்கு வாசகம் தேட மார்கித்துக்கு நாலு நாள் பிடித்தது. கடைசியில் மேல்வரியில் இப்படி எழுதினாள்: ‘வடிகட்டியை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம். பஞ்சு என் பூனையுடையதுதான். மறுப்பு இருந்தால் கீழே எழுதவும்.’ மீதி முக்கால் தாளை வெறுமையாக விட்டாள். மங்கல் கவரில் போட்டு மெஷினில் விட்டு, ஒரு விரல் ஓரம் விட்டு வெட்டி, வியாழக்கிழமை ஒட்டினாள். பென்சிலைச் சீவியும் வைத்தாள்.

அன்றிரவு தூக்கம் பிடித்ததா என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை, ரப்பரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். சீட்டு நிறையப் பென்சில் எழுத்து, நெருக்கி நெருக்கி:

‘அதிகாரியம்மா, மூணு வாரம் நல்ல பிள்ளையா இருந்து பார்த்தேன், உடம்புக்கு ஒத்துக்கல. எழுத இடம் விட்டதுக்கு நன்றி. இனிமே உங்ககிட்ட மறைக்க மனசு வரல. என் குளியலறையிலேயே சொந்தமா ஒரு சலவை மெஷின் இருக்கு. வாங்கி ஆறு வருஷமாச்சு. அந்த மூணு சட்டையும் சுத்தமான சட்டைதான். - ஹில்டிங்.’

மார்கித் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது. ரப்பரை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

சீட்டைக் கையோடு பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மெஷினைப் போட்டு, பச்சை விளக்கு வரும்வரை நின்றாள். மங்கல் உறைக்குள் இருந்த அந்தப் பாதித் தாளை முழு அளவுப் பளபளப்புக் கவருக்குள் வைத்து, விரல் படாமல் மெதுவாக உள்ளே விட்டாள். எண்பது மைக்ரான் என்பதால் இரண்டும் சேர்ந்து சிக்காமல் போய் வந்தது.

இனி யார் துடைத்தாலும் அது அழியாது. அதைக் காபி மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டு, அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் மணியை அடித்தாள்.