செட்டியார் வீட்டு வெள்ளிப் பியூஸ்

அப்பாசாமிக்குக் காது மந்தமாகி வருகிறது என்பது அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும். காஜா பேராங்கில் கடை வரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பேன். அந்தப் பக்கம் அவன் ரேடியோ. பதினோரு வருஷம். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அவன் குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் ரப்பர் ஆலையின் இன்ஜின் அறைக்கு எண்ணெய் போடப் போனவன், முப்பத்தைந்து வரைக்கும் அந்தத் தடதடப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தான். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் போட்டுவிட்டுப் போன உடைந்த வயர்லெஸ் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துத் தானே தொழில் கற்றுக்கொண்டான். ஆலைக்குத் திரும்ப உடம்பில் தெம்பு இல்லை. கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இரண்டு பேர். காதுதான் அந்த வீட்டுக்குச் சோறு.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் ஊரே மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பிழைப்பில் அப்போது வந்து புகுந்தது வெள்ளிப் பியூஸ் பைத்தியம். பியூஸ் என்றால் என்ன? கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் எகிறினால் தான் உருகிப் பெட்டியைக் காப்பாற்றும். அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. அதை வெள்ளியில் செய்து மாட்டினால் பாட்டு இனிக்குமாம்! சிங்கப்பூரிலிருந்து எவனோ கிளப்பிவிட்டான். எங்களிடம் வந்த இரண்டு பேர் அதைப் பெட்டியில் மாட்டிக் கேட்டு, “என்னா தெளிவு!” என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்பாசாமி மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“மாணிக்கம், பொய் சொல்லாத. ஒனக்கு வித்தியாசம் தெரிஞ்சிச்சா?”

“ஒரு மண்ணும் தெரியல.”

“எனக்காகச் சொல்ற நீ. பியூஸ்ல ஒண்ணும் இல்லையா, என் காதுல ஒண்ணும் இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

புதன்கிழமை சுப்புராமன் செட்டியார் ஆள் அனுப்பினார். ரேடியோ, இசைத்தட்டுச் சத்தத்தைக் கூட்டும் அவர் வீட்டு ஆம்ப்ளிபையர் பெட்டியை முந்தின வாரம்தான் அப்பாசாமி சரி செய்து கொடுத்திருந்தான். சனிக்கிழமை மெர்டேக்கா ஒலிபரப்பைக் கேட்கச் சொந்தபந்தமெல்லாம் வருகிறதாம். அதற்குள் வெள்ளிப் பியூஸ் ஏற வேண்டுமாம். துணைக்கு நானும் போனேன்.

“பசியாறிட்டீங்களா? உக்காருங்க. ராகு காலம் கழியட்டும்” என்றார் செட்டியார்.

ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சாமி அறையிலிருந்து தாம்பாளத்தில் வந்தது பியூஸ். இரண்டு முனையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சந்தனம் இருந்தால் மின்சாரம் பாயாது, துடைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று அப்பாசாமி பணிவாகச் சொன்னான். முதலில் பழைய பியூஸோடு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். பிறகு சுவிட்சை அணைத்து, துண்டும் கையுமாகப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். பக்கத்திலிருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கழற்றிய பழையதையே திருப்பி மாட்டினான்.

வால்வுகள் சூடேற ஒரு நிமிஷம் ஆனது. அதே தட்டு, அதே பாட்டு.

செட்டியார் கண்ணை மூடினார். “அடடா! வீணைக் கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குதே, அப்பாசாமி!”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை வருஷத்தில் அவனை அப்படி நான் பார்த்ததில்லை. மூடிய கையைச் செட்டியார் முன்னால் விரித்தான். உள்ளே வெள்ளிப் பியூஸ்.

“மாத்தவே இல்ல, செட்டியாரே. ஓடுறது பழசுதான். மன்னிச்சுக்கணும். என் காதை நானே சோதிச்சுக்க வேண்டியிருந்திச்சு.”

செட்டியார் கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு கணம் தடுமாறி, கடைசியில் சிரித்துவிட்டார். “ஏமாந்தது நான்தான்! ஒங்க காது கெட்டிதான்லா.”

வாசல்படியில் நின்றிருந்த சிவகாமி ஆச்சி, செட்டியாரின் மனைவி, அப்போதுதான் வாய் திறந்தார்.

“அது கெடக்கட்டும் அண்ணே. இந்த ‘கீ’ங்கிற சத்தம் எப்ப நிக்கும்?”

“எந்தச் சத்தம், ஆச்சி?”

“போன வாரம் நீங்க ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்ததுலேர்ந்து ஊசி மாதிரி ஒண்ணு குத்திக்கிட்டே இருக்கே. இந்தா, இப்பக்கூட. இவுகளுக்கும் கேக்குது. நீங்க சங்கடப்படுவீகன்னு சொல்லல.”

செட்டியார் தரையைப் பார்த்தார்.

அப்பாசாமி இசைத்தட்டைத் தூக்கி எடுத்தான். பாட்டு இல்லாத பெட்டி முன் காதை வைத்தான். வலது காது, பிறகு இடது. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒனக்குக் கேக்குதா?”

கேட்டது. போன வாரம் எங்கள் மேஜையில் பெட்டி இருந்தபோதே கேட்டது. பாவி நான், வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்கு அதை அனுப்பினேன்.

“கேக்குதுடா” என்றேன்.

அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பின்பலகையைக் கழற்றினான். சீனர் சாப்பிடும் மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, அந்தச் சத்தத்தைக் கிளப்புவது எது என்று தேடி, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தான்.

“நின்னதும் சொல்லுங்க, ஆச்சி” என்றான்.

ஆச்சி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பி. இரண்டு. மூன்று. நான்காவதில் அந்தச் சத்தம் சட்டென்று அறுந்தது. ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். குனிந்திருந்தவன் அதைப் பார்க்கவில்லை. ஐந்தாவது கம்பிக்குக் குச்சியைக் கொண்டுபோனான்.