மூச்சு விடாத பதினோரு பாட்டு

“பதினோரு பாட்டுல ஒரு இடத்துலகூட நான் மூச்சு விடல. செத்தவ பாடின மாதிரி இருக்கு.”

காலையில் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் பாட்டுக்காரி இதைச் சொல்லிவிடுவாள். கேட்பதற்கு வீட்டில் நாத்தனார் ஒருத்திதான். அவளும் வெங்காயம் உரிக்கிற கையை நிறுத்த மாட்டாள்.

பாட்டுக்காரிக்கு எழுபத்தொரு வயது. பகலெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்து, சாயங்காலம் ஹோட்டல் மேடையில் ‘சோல்’ என்கிற அமெரிக்கக் கறுப்பர் பாட்டைப் பாடியே முப்பது வருஷம் ஓட்டியவள். அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையில் முட்டி, உடைந்து வெளியே வருகிற பாட்டு அது. முந்தைய ஆல்பம் வந்து பத்தொன்பது வருஷம் கழித்து, போன மாதம்தான் அவளுடைய புது ஆல்பம் வந்தது.

பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ‘எழுபதிலும் முப்பதின் குரல், ஒரு கீறல் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாத்தனார் அதை உரக்கப் படித்தாள்.

“உங்களைப் பத்தி எழுதியிருக்கானா அண்ணி, இல்ல நம்ம வாணலியைப் பத்தியா?”

அன்று மத்தியானம் ரேடியோவில் நேயர்கள் பேசினார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் கேட்டார்: “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவங்க பொண்ணு பாடினதா? அந்தம்மா இருக்காங்களா, இல்லையா?”

பாட்டுக்காரி ரேடியோவை அணைத்தாள். தட்டில் போட்டது அப்படியே ஆறியது.

“எல்லாம் அந்த ஒலிப்பதிவுக்காரன் பண்ணின வேலை.”

“அவன் மேல ஏன் பாயறீங்க? நானும் கூடத்தானே இருந்தேன். ‘இரைப்பு கேக்குதும்மா, எடுத்துடவா’ன்னான். நீங்க என்ன சொன்னீங்க?”

பாட்டுக்காரி ஆறின தட்டைத் தள்ளி வைத்தாள்.

“‘எடுத்துடு, அசிங்கமா இருக்கு’ன்னீங்க.”

பொய்யில்லை. கண்ணாடி அறைக்குள் தன் இரைப்பைத் தானே கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசிவிட்டது. அவன் அதைத் துடைத்துப் போட்டுக் காட்டினான். முப்பது வயதுக்காரி ஒருத்தி பாடினாள். அதைக் கேட்டு மனசு துள்ளியது. மிச்சப் பாட்டுகளில் இருந்த மூச்சையும் எடுக்கச் சொன்னது அவளேதான். அந்தத் துள்ளலை மட்டும் அவள் நாத்தனாரிடம்கூடச் சொன்னதில்லை.

மறுவாரம் ஆல்பம் போட்ட கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆறு ஊரில் கச்சேரி, பெரிய அரங்குகள். “ஆல்பத்துல இருக்கிற குரலையே ஓட விட்டுடுவோம்மா. நீங்க வாயை அசைச்சாப் போதும்.”

மூன்று நாள் டைம் கேட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே குரல் கம்மியது. வெளியே கதவு தட்டப்பட்டது.

“அண்ணி, உள்ள யாரை அடிக்கறீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குரலோடு மேடை ஏறினால், புகழ்ந்தவனே காறித் துப்புவான். வாயை மட்டும் அசைத்தால், அந்த பஸ்காரர் கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி.

நாலாம் நாள் கம்பெனிக்குப் போன் போட்டு, வாயசைக்க முடியாது என்றாள். ஆறு ஊரும் போயிற்று. அடுத்த ஆல்பப் பேச்சும் அதோடு நின்றது. கீறல் இல்லை என்று எழுதியவரே ‘வீண் பிடிவாதம்’ என்று எழுதினார்.

“சும்மா வாயைத் தொறந்து மூடியிருந்தா ஆறு ஊரைப் பாத்திருக்கலாம்,” என்று நாத்தனார் திட்டினாள். திட்டிக்கொண்டேதான் மேடை உடுப்பை இஸ்திரி போட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, பஸ் டிப்போ பின்னால் இருக்கும் கேன்டீனில் பாட்டுக்காரி தன் சொந்தக் குரலிலேயே பாடுகிறாள். போன வாரம் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் சாப்பிட வந்தவர்கள். நடுவில் இருமல் வந்து பாட்டு நின்றது. தண்ணீர் குடிக்கும்போது அவள் முகம் சுண்டிப்போனது.

“யாராவது எழுந்து போனாங்களா?” வீடு திரும்பும் வழியில் கேட்டாள்.

நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. “ரெண்டு பேர்.”

 இந்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று பாட்டுக்காரி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போய்ப் பாருங்கள். ஆல்பத்தைப் புகழ்ந்தவர்களும் போங்கள், வீண் பிடிவாதம் என்று திட்டினவர்களும் போங்கள். பாட்டு நடுவில் நின்றால் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அவள் தண்ணீர் குடிக்க அரை நிமிஷம்தான் ஆகும்.