மிஷெல் முதலில் போட்ட பாடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தும் அகதாவின் மகள் மிஷெலுக்கு வாய் சும்மா இருக்காது. எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். அது கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. பல்கலைக்கழகம் போகுமுன் எழுதும் எஸ்.டி.பி.எம் பரீட்சையில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் நேராக மருத்துவம் சேர அது கொஞ்சம் போதவில்லை. முதலில் ஒரு பட்டம், அப்புறம் மருத்துவம் என்று இன்னொரு வழி இருந்தது. எந்தப் பட்டம் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பப் பாரத்தில் நிரப்பியாக வேண்டும்.

“இதுல யோசிக்க என்னலா இருக்கு? பயோமெடிக்கல் போடு. டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு,” என்றாள் அகதா.

மிஷெல் ஒரு மருத்துவக் கல்லூரிக்கே போன் போட்டாள். அறிவியல் பட்டம் எதுவானாலும் சரி, மதிப்பெண் வேண்டும், இடம் கிடைக்கும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதிலிருந்துதான் குடைச்சல். எதுவானாலும் சரி என்றால், எதை?

புதன்கிழமை பெரியப்பா அந்தோணிமுத்துவுக்கு ரத்தப் பரிசோதனை. முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய மனிதர். ஒவ்வொரு தடவையும் ராத்திரியிலிருந்து வாயில் எதுவும் வைக்காமல் வரச் சொல்வார்கள். அவரும் வைக்கவில்லை என்றுதான் சொல்வார். ஆனாலும் சர்க்கரை ஏறியே இருந்தது. டாக்டர் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டினார். பகலில் மனிதருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

அன்றைக்கு அவரைக் கூட்டிப்போக மிஷெல் விடியுமுன்னே போய்விட்டாள். பெரியப்பா அடுப்படியில் நின்று, டின்னில் வரும் இனிப்பான சுசுப்பால் ஊற்றிய கோப்பியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, இது என்ன?”

“கோப்பி.”

“சாப்பிடாம வரச் சொன்னாங்களே.”

“நான் எங்க சாப்பிட்டேன்? பசியாற இன்னும் நேரம் கிடக்கு.”

பொய்யில்லை. மரம் சீவப் போகும்முன் கோப்பி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பசியாறல், அதாவது காலைச் சாப்பாடு, என்றே இருந்த உடம்பு அது. இருட்டில் குடிக்கிற கோப்பியைத் தோட்டத்தில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை.

கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் பரிசோதனைக்குக் காத்திருந்த காளியம்மாவிடம், காலையில் என்ன குடித்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள்.

“வெறும் மைலோதான்மா. அதுல என்ன இருக்கு?”

அதற்கப்புறம் அவளை யாரால் உட்கார வைக்க முடியும்? ஐந்து பேரிடம் கேட்டாள். மூன்று பேர் ஏதோ ஒன்றைக் குடித்திருந்தார்கள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். “மானத்த வாங்காத, வந்து உக்காரு,” என்றார்.

டாக்டர் ரஜிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பரிசோதனையை வேறு நாளுக்குத் தள்ளி, கையை நடுங்கவைத்த மாத்திரையையும் குறைத்தார். “சாப்பிட்டீங்களான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்,” என்றார். “என்ன குடிச்சீங்கன்னு கேக்கவே இல்ல.”

“இப்படிக் கேக்கறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா, டாக்டர்?”

“இருக்கு. உணவியல். ஆனா நாலு வருஷம், ஆஸ்பத்திரிப் பயிற்சி வேற. மருத்துவத்துக்குப் போறவங்க அதிகமா எடுக்க மாட்டாங்க.”

“ஏன்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷெல் கணினியில் பாரத்தைத் திறந்தாள். உணவியலை முதலிலும் பயோமெடிக்கலை இரண்டாவதாகவும் போட்டாள். அகதா பின்னால் நின்று பார்த்தாள்.

“கேண்டீன்காரி மக சமைக்கப் படிக்கப் போறாளான்னு கேப்பாங்கடி.”

“டாக்டர் சீட்டு கிடைக்காமலே போச்சுன்னு வைங்கம்மா. பயோமெடிக்கல்னா லேப்ல ரத்தத்தோட உக்காந்திருப்பேன். ரத்தத்துகிட்ட என்னத்தக் கேக்கறது? இதுல ஆளுங்களோட இருப்பேன்.”

“கிடைச்சா போவதானே?”

“போவேன். நாலு வருஷம் கழிச்சும் இதே ஆசை இருக்கும், பாருங்க.”

அகதா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, “அமுக்கு. மணி ஆகுது,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் பக்கத்து வீட்டுப் புனிதா அகதாவைப் பிடித்துக்கொண்டாள். “மக டாக்டருக்குத்தானே போட்டா?”

“உணவியல்,” என்றாள் அகதா. “அப்புறம் டாக்டருக்கு. என்ன படிப்புன்னு அவளையே கேளு. ஆனா காலையில என்னென்ன குடிச்சன்னு உன்னைத்தான் முதல்ல கேப்பா.”