சுனிதாவின் மேல் ஒரு ஆட்சேபணை

எலெக்‌ஷன் டியூட்டி ஆர்டர் வருகிற அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருவருக்கு பி.பி., இன்னொருவருக்கு மச்சினிச்சி கல்யாணம். நான் அப்படி எதுவும் எழுதிக் கொடுத்ததில்லை. அதனாலேயே கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு தேர்தலுக்கும் என் பெயர் தவறாமல் வரும். கடைசிச் சில தேர்தல்களில் பிரிசைடிங் ஆபீசர், அதாவது ஒரு பூத்துக்கு முழுப் பொறுப்பு.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். முதல் தடவை ஆர்டர் வாங்கிக்கொண்டு கையைப் பிசைகிற இளம் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. டீ வந்த நேரத்தில் சொன்னது

மெஷினை எப்படி ஆன் செய்வது என்று டிரெய்னிங்கில் மறுபடி மறுபடி சொல்வார்கள். 'ஆட்சேபிக்கப்பட்ட வாக்கு' என்ற பகுதி வரும்போது டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நான் டீ குடிப்பதில்லை, அதனால் கேட்டேன்.

விஷயம் இதுதான். ஓட்டுப் போட வந்தவர் லிஸ்டில் இருக்கும் அந்த ஆள் இல்லை என்று பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்சி ஏஜெண்ட் நினைத்தால், இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். உடனே நாம் விசாரிக்க வேண்டும். ஆட்சேபித்தவர்தான் முதலில் ஆதாரம் காட்ட வேண்டும். அது பொருத்தமாகத் தெரிந்தால் வந்தவர் பதில் சொல்ல வேண்டும். பொய்யாள் என்று முடிவானால் ஓட்டு கிடையாது, எழுத்தில் புகார் கொடுத்து வாசலில் நிற்கும் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். சரியான ஆள் என்றால் ஓட்டுப் போட விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

2. ஸ்டேஷன் ஏழு

அந்தத் தேர்தலில் எனக்கு வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சுற்றிலும் கம்பெனிகள். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு நேராக வந்து வரிசையில் நின்று தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையோடு கம்பெனிகளுக்கு லீவு.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். புது மஞ்சள் புடவை, மடிப்புக் கலையவில்லை. தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல வந்திருந்தாள். முதல் போலிங் ஆபீசர் பெயரைப் படித்தார்: சுனிதா. கணவன் பெயர் ஒடியாப் பெயர். அவர் வாயில் அது மூன்று தடவை முட்டிக்கொண்டு நின்றது.

ஏஜெண்டுகளில் ஏழுமலை என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும், உள்ளூர்க்காரர், வெள்ளைச் சட்டை. காலையிலிருந்து வருகிறவர்களை எல்லாம் அத்தை, சித்தப்பா என்று முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். இந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"மேடம், இவ இந்தியாதானான்னு மொதல்ல ப்ரூஃப் கேளுங்க. வடக்கேர்ந்து வர்றவங்கள்ல யாரு எந்த நாடுன்னு யாருக்குத் தெரியும்?"

"அது என் வேலை இல்ல சார். லிஸ்ட்ல பேர் சேக்குறப்பவே பாத்திருப்பாங்க. பேர் வந்தப்புறம் இந்த ரூம்ல ஒரே கேள்விதான். அந்தப் பேருக்கு உரிய ஆள் இவங்கதானா, இல்லையா?"

"அப்ப அதையே கேக்குறேன். ஓட்டர் அட்டைல கீற பொம்பள இவ இல்ல. நீங்களே பாருங்க."

பார்த்தேன். எனக்கே திக்கென்றது. அட்டையில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய ஒரு பெண். எதிரே நிற்பவளுக்கு உருண்டை முகம். லிஸ்டில் அச்சான படமோ கரி பூசினது மாதிரி இருந்தது.

ஏழுமலை இரண்டு ரூபாய்க்குச் சட்டைப் பையைத் தடவினார். "ஃபோன்ல அனுப்பட்டா மேடம்?" என்றார். பூத்துக்குள் ஃபோனே கூடாது என்றேன். பக்கத்து ஏஜெண்ட், அவர் எதிர்க்கட்சி, நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

மற்றவர்களின் ஓட்டு நிற்கக் கூடாது என்று அவளைத் தனியே பெஞ்சில் உட்காரவைத்தேன். விதியை எடுத்துச் சொன்னேன். போலீஸ் என்ற வார்த்தை வந்ததும் அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னா மேடம், நான்தான் சுனிதா. பொய் சொல்லல மேடம். போட்டோ எடுக்க சொல்ல டைஃபாய்டு, சோறே எறங்கல."

அவள் தமிழும் ஏழுமலையின் தமிழும் ஒரே தமிழ்தான். கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தே கற்றுக்கொண்டாளாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அண்ணன் தங்கை என்று சொல்லிவிடலாம்.

"வேற அட்டை ஏதாவது இருக்காம்மா? ஆதார்?"

"காண்ட்ராக்டர் கைல மேடம். கேட் பாஸ் புதுசு பண்ண வாங்குனாரு. இன்னிக்கு ஆபீஸ் லீவு."

கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் காட்டினாள். தனியார் கம்பெனி அட்டை விதிப்படி செல்லாது. அதிலும் கேப், மாஸ்க் போட்ட படம்தான், இரண்டு கண் மட்டும் தெரிந்தது. புருஷன் ஒடிசாவுக்குப் போயிருந்தான். அவள் ரூம் இருக்கும் வரிசையில் மற்ற யாருக்கும் இங்கே ஓட்டு இல்லை.

"ஓட்டு போட ஆச மேடம்," என்றாள். "ஊர்ல போடுற வயசு வர்றதுக்குள்ள இங்க வந்துட்டேன். இதான் மொத தடவ."

ஏழுமலை அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கம்பெனிக்கு நெலத்த குடுத்தோம் மேடம். ஏரிய குடுத்தோம். ஓட்டையும் குடுக்கணுமா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வலி இருக்கிற மனிதர். ஆனால் அந்த வலிக்கு இந்தப் பெண்ணைப் போலீசில் கொடுக்க முடியுமா? வாசலுக்கு எழுந்து போனேன்.

3. வரிசை

விசாரணையில் அங்கே இருக்கிற யாரையும் கேட்கலாம் என்று டீ வந்த நேரத்தில் சொல்லியிருந்தார்கள். அவளை வாசலுக்கு அழைத்துவந்து பெண்கள் வரிசையின் முன்னால் நிறுத்தினேன். ஏழுமலையும் பின்னால் வந்து நின்றார். பெயரை நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் அது சாட்சி ஆகாது. வெளியே இருந்த இரைச்சலில் உள்ளே படித்ததும் கேட்டிருக்காது.

"இவங்க யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். வரிசையில் நடுவில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இல்ல மேடம், இந்தப் பக்கம் பாத்ததே இல்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் சுனிதா சட்டென்று திரும்பினாள். முந்தானையை இழுத்துத் தலையில் பூவெல்லாம் மறையப் போட்டாள். மிச்சத்தை மூக்குக்கு மேல் ஏற்றி, காதோரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் வெளியே.

வரிசையில் நின்றவள் வாயைப் பிளந்தாள். "ஐயையோ, சுனிதா. எங்க லைன் சுனிதா மேடம் இது. ஸ்டேஷன் ஏழு. நான் எட்டு."

அவள் பெயர் ஸ்டெல்லா. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம்; லைனில் ஒவ்வொருவர் நிற்கும் இடத்தைத்தான் ஸ்டேஷன் என்கிறார்கள். உள்ளே நுழைந்தால் கேப், மாஸ்க், கோட். சாப்பாட்டுக்கு ஒருத்தி போனால் அடுத்தவள் ரிலீஃபாக அவள் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் சேர்ந்து கேண்டீன் போக முடியாது. ஸ்டெல்லா வருவது ஊரின் மறுகோடியிலிருந்து, கம்பெனி பஸ்ஸில். சுனிதாவுக்கு ரூம் கம்பெனிக்குப் பின்னாலேயே, நடந்து போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தி முகத்தை இன்னொருத்தி முழுசாகப் பார்த்ததில்லை.

"கண்ண வெச்சு எப்படிம்மா உறுதியா சொல்ற?" என்று கேட்டேன். கேட்பது என் கடமை.

"வருசக்கணக்கா இந்தக் கண்ணத்தான் மேடம் பாத்துகினு கீறேன். ரிலீஃப் வேணும்னா வாயால கேக்க மாட்டா, ரெண்டு தபா கண்ண சிமிட்டுவா. எங்கம்மா செத்தப்ப என்னா ஏதுன்னு கேக்காம என் வேலையையும் சேத்து பாத்தா."

சுனிதா முந்தானைக்கு மேலே இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினாள். கண்ணீர் பொட்டென்று விழுந்தது. அட்டையை வாங்கி, படத்தில் மூக்குக்குக் கீழே என் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். அதே கண். ஏழுமலையிடம் நீட்டினேன். அவரும் தன் விரலால் ஒரு தடவை மறைத்துப் பார்த்தார்.

"நம்ம ஸ்டெல்லா சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்றார். "நீ போய் போடும்மா."

ஆட்சேபணை தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுனிதா மை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போனாள். பீப் சத்தம் வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

இளம் டீச்சர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பூத்தில் ஒருவரை நிறுத்திவைத்துச் சந்தேகப்படும்போது அவரையே திருப்பித் திருப்பிக் கேட்டுக் குடையாதீர்கள். எழுந்து வாசலுக்குப் போய் வரிசையைக் கேளுங்கள். டீ வந்தாலும் அந்தப் பகுதி முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஸ்டெல்லா ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை சுனிதா வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். முந்தானை இறங்கியிருந்தது. ஸ்டெல்லா அவள் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ அழகா கீற, இத்தினி நாளா மூடி வெச்சிகினு இருந்தியா?" என்றாள். "வா, எங்க வூட்டுக்குப் போலாம். இன்னிக்கு ரிலீஃப் யாரும் வேணாம். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடலாம்."