ஹனுக்கா பாட்டின் நான்காவது வரி

அரபு நாட்டில், ஃபஹாஹீல் என்ற ஊரில் நான் நர்ஸாக இருந்த தனியார் மருத்துவமனையில் ஒரு டிசம்பர் மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மாவைச் சேர்த்தார்கள். எண்ணெய் வயலில் இன்ஜினியராக இருந்த மகனைப் பார்க்க லண்டனிலிருந்து வந்த இடத்தில் பக்கவாதம். வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ‘நோ’ என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம்.

நான்கைந்து நாள் கழித்து, சாயங்காலம் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பாடினார். முணுமுணுப்பு இல்லை, ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக விழுந்தது. என்ன மொழியென்று தெரியவில்லை. டாக்டரிடம் ஓடினேன்.

“பேச்சு போனவங்களுக்குச் சில நேரம் பாட்டு மட்டும் நிக்கும். பாட விடுங்க சிஸ்டர், நல்லதுதான்” என்றார்.

மூன்று வரி பாடுவார். நான்காவது வரி வராது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நான் எடுத்துக்கொடுப்பேன் என்று என் வாயையே பார்ப்பார். பொழுது சாயும் நேரம் தினமும் இதுதான். பக்கத்து அறை நோயாளியின் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள மனம் வராது.

டிசம்பர் என்பதால் கிறிஸ்மஸ் பாட்டு என்று நினைத்தேன். ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். தெரிந்த மெட்டையெல்லாம் பாடிப் பார்த்தேன். “நோ, நோ” என்றார். மகன் வந்ததும் கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அது கிறிஸ்மஸ் பாட்டு இல்லை சிஸ்டர். ஹனுக்கா பண்டிகைப் பாட்டு. நாங்கள் யூதர்கள். எட்டு நாள், தினம் ஒரு விளக்கு கூட்டி ஏற்றிப் பாடுவோம். விசா படிவத்தில் கிறிஸ்தவன் என்று எழுதியிருக்கிறேன். இங்கே தெரிந்தால் ஆபத்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.”

“சொல்ல மாட்டேன் சார். நாலாவது வரி என்ன?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தெரியாது. சின்ன வயதில் எல்லாரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன்.”

யாரிடம் போய்க் கேட்பது? கேசட் கடையில் வாயைத் திறக்க முடியுமா? பக்கத்து ஊரான மங்காஃபில் என் ரூமில் இருந்த மூத்த நர்ஸ், எங்கள் மாவட்டத்துக்காரி, ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“என்னட்டி, டூட்டி முடிஞ்சு வந்ததுல இருந்து ஒரே பாட்ட முணங்கிட்டு கெடக்க?”

“ஒண்ணுமில்லக்கா. சினிமாப் பாட்டு.”

மகன் லண்டனில் இருந்த சித்திக்குப் போன் செய்தார். சித்தி பயந்துவிட்டாராம். அந்த ஊர் போனை யாராவது ஒட்டுக்கேட்பார்கள், பாட மாட்டேன், உனக்குத்தான் ஆபத்து என்று சொல்லி, சொற்களை மட்டும் வேகமாக ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டார். மகன் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா மூன்றாவது வரியில் நின்றதும், மகன் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, “நோ.” மகன் பாடிப் பார்த்தார், மெட்டு தப்பியது. இரண்டாம் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

காகிதத்தை நான் எடுத்தேன். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, முதல் வரியின் மெட்டில் பாடினேன். ஒரு கணம் அந்த அம்மாவின் கண் மலர்ந்தது. என் மணிக்கட்டு இறுகியது. அப்புறம் பிடி மெல்லத் தளர்ந்தது. மெட்டு அதுவல்ல. மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். அடுத்த எட்டு நாளும் முயன்றேன். எது சரி என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் ‘நோ’ தவிர வேறு சொல் இல்லை.

ஜனவரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தே விமானத்தில் கொண்டுபோனார்கள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் மகனின் கடிதம் வந்தது. யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்ற பயத்திலோ என்னவோ, ‘ஹனுக்கா’ என்று எழுதாமல் ‘பாட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தார். லண்டன் போன பிறகு சித்தி பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடினாராம். அதற்குள் அம்மாவுக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வந்துவிட்டிருந்தது. கூரையைப் பார்த்தபடி கேட்டாராம். கூடச் சேரவில்லை. அந்த மூன்று வரியும் போய்விட்டிருந்தது. மார்ச்சில் இறந்துவிட்டார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். “உங்கள் அம்மா இங்கே நன்றாகப் பாடினார்கள்” என்று ஒரே வரி எழுதி, தபாலில் போட்டேன்.