முத்துவேலை எழுதியவள்

செல்வகுமாரி கதை எழுதுவது கம்பெனி வேனில்தான். காலை ஆறேகாலுக்கு நெட்டப்பாக்கத்தில் ஏறினால், வில்லியனூர் தாண்டி பிஸ்கட் கம்பெனி வாசலில் இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். மற்ற பெண்கள் விட்ட தூக்கத்தைத் தொடர்வார்கள், சிலர் சீரியல் பார்ப்பார்கள். அவள் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு கட்டைவிரலால் போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஓர் எழுத்து தவறும். திருத்திவிட்டு மேலே போவாள்.

பிறந்தது பண்டசோழநல்லூரில். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுகிற கூலிகள். பிளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். அந்த வருடமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் காலேஜ் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் பேக்கிங் பிரிவுக்குப் போனவளுக்கு இப்போது முப்பத்து நாலு.

அவள் எழுதிய தொடர்கதையின் பெயர் ‘வரப்பு மேல ஒரு வூடு’. போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றில் புதன்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் வரும். முத்துவேல், பச்சையம்மா என்று கரும்பு வெட்டுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி, அவ்வளவுதான் கதை. கொடுமைக்கார மாமியார் கிடையாது, கடத்தல் கிடையாது. முத்துவேல் சாயங்காலம் வந்ததும் பெண்டாட்டியைப் பார்த்து “இன்னிக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்பான். கேட்டுவிட்டுப் போனை எடுக்க மாட்டான், டிவியைப் போட மாட்டான். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்பான். இந்த ஒன்றுக்கே பெண்கள் சொக்கிப்போனார்கள். முப்பதாவது அத்தியாயத்தைப் பதினோராயிரம் பேர் படித்தார்கள்.

வேனிலேயே அவளுக்குப் பெரிய வாசகி ஒருத்தி இருந்தாள். லைன் சூப்பர்வைசர் விஜயராணி. நாற்பத்தேழு வயது. வேலை நேரத்தில் அவள் குரல் கேட்டால் கன்வேயர் பெல்ட்டே வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கும். புதன்கிழமை திரும்பி வரும்போது மட்டும் அந்தக் குரல் இளகிவிடும். புது அத்தியாயத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள்தான் படிப்பாள்.

“இந்த முத்துவேல எங்கடி புடிச்ச? எங்க ஊருப் பக்கம் இப்படி ஒர்த்தன்கூட இல்லியே” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

“சும்மா கற்பனதான்கா” என்பாள் செல்வகுமாரி.

அது பொய். செல்வகுமாரி ஏழு வருடமாகச் சகாயராணியோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். சகாயராணி செல்லிப்பட்டுக்காரி. ஒரு வருடம் அதே பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலைக்குப் போனவள். இருவரும் நெட்டப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரரிடம் ‘ஃபிரண்டு’ என்று சொன்னதோடு சரி. செல்வகுமாரி ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி எழுதினாள். தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

நாற்பதாவது அத்தியாயத்துக்குக் கீழே பெயர் தெரியாத யாரோ ஒருவர் அதை எழுதிவிட்டார். ‘இந்த எழுத்தாளர் ஒரு பொம்பளையோடு குடும்பம் நடத்துகிறவர். இவரா நமக்குப் புருஷன் பெண்டாட்டி கதை சொல்வது?’

ஒரே நாளில் அதற்குக் கீழே முந்நூறு பதில்கள். ‘அருவருப்பு’ என்று சிலர். ‘இவ்வளவு நாள் ஏமாற்றிவிட்டாரே’ என்று சிலர். ‘அவர் யாரோடு வாழ்ந்தால் நமக்கென்ன, கதையைப் பாருங்கள்’ என்று சிலர். மறுநாள் வேனில் அவளுக்குப் பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. வழக்கமாக அங்கே உட்கார்கிற அர்ச்சனா பின்னால் போய் நின்றுகொண்டே வந்தாள். விஜயராணி தலையைத் திருப்பவே இல்லை.

சாயங்காலம் அண்ணன் பலராமன் வந்தான். மாடி ஏறவில்லை, கீழேயே நின்றான்.

“எழுதறத வுட்டுடு பாப்பா. இல்ல, பேரையாவது மாத்திக்கோ. நாங்களும் ஊருக்குள்ள தலை காட்டணும்.”

புதுச்சேரியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் தமிழ்க்குமரன் அந்தக் கதையைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். போனில் பக்குவமாகத்தான் பேசினார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எழுத்துதான் முக்கியம். எழுதறவங்களோட படுக்கையறை வாசகருக்கு எதுக்கு? பின்னட்டையில போட்டோ வேணாம், உங்களைப் பத்தின குறிப்பும் வேணாம். ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடுவாங்க.”

அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திட்டுகிறவர்கள், ‘நீ இன்னார், அதனால் எழுதாதே’ என்கிறார்கள். நல்லவர்கள், ‘நீ யாராக இருந்தாலும் பரவாயில்லை, அதனால் சொல்லாதே’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து அவள் வாயைத்தான் மூடப் பார்க்கின்றன.

சகாயராணி அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். செல்வகுமாரி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“நான் எழுதிடப் போறேன் சகாயம். ஒளிக்காம. உனக்குச் சம்மதமா?”

சகாயராணி அடுப்பை அணைத்தாள். தட்டைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பினாள்.

“எழுது. என் பேரையும் போடு. தோழின்னு மட்டும் போட்டுடாத.”

அந்தப் புதன்கிழமை நாற்பத்தோராவது அத்தியாயத்துக்கு மேலே நான்கு வரிகள் வந்தன. ‘போன வாரம் ஒருவர் எழுதியது உண்மை. நான் சகாயராணியோடு ஏழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, மறைத்தது என் பயம். அத்தியாயம் கீழே இருக்கிறது.’

போனை அணைத்துப் பைக்குள் போட்டவள் ஷிஃப்ட் முடிகிறவரை எடுக்கவில்லை. அன்று திரும்பும்போது வேனில் யாரும் கதை படிக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அப்படியே போயின.

திங்கட்கிழமை காலை அவள் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டில் தொப்பென்று ஒரு பை விழுந்தது. பின்னாலேயே விஜயராணி உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை பூரா உன் கதையத்தான் படிச்சிக்கினு இருந்தேன். மொதல்லருந்து” என்றாள்.

முன் சீட்டில் இருந்த புவனேஸ்வரி இரக்கத்தோடு திரும்பினாள். “வுடுங்கக்கா. அவ யார்கூட இருந்தா நமக்கின்னா? கதை நல்லா இருந்தா சரி.”

“உனக்கு ஒண்ணும் இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்குது” என்றாள் விஜயராணி. பிறகு செல்வகுமாரி பக்கம் திரும்பினாள்.

“ஒம்பதாவது அத்தியாயத்துல முத்துவேலு கரும்புக்கட்டத் திருப்பிப் போட்டு, பொண்டாட்டியக் குந்த வச்சி, மேஸ்திரிகிட்ட திட்டு வாங்குவானே, அந்த மேஸ்திரி யாருடி?”

செல்வகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“நான்தான? எட்டு வருசத்துக்கு முன்னால, உனக்குக் காலு வீங்கிடுச்சின்னு அந்தச் சகாயராணி லைன்ல அட்டைப்பொட்டியக் கவுத்துப் போட்டா. கம்பெனி பொட்டி மேல ஆளக் குந்த வைக்கிறியான்னு நான்தான் அவள நாறடிச்சேன். அவ திரும்ப ஒரு வார்த்த பேசல. அடுத்த நாளு வூட்லருந்து முக்காலி எடுத்துக்கினு வந்தா. கதையிலயும் முக்காலி வருது.”

“ஆமாக்கா” என்றாள் செல்வகுமாரி.

“அப்போ முத்துவேலு அவதான்.”

“ஆமாக்கா. அவதான்.”

விஜயராணி மூக்கை உறிஞ்சினாள். “இத்தினி மாசமா நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? இப்படி மனுசங்க கதையிலதான் இருப்பாங்க, நம்ம கெட்ட கேட்டுக்கு இது போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கற்பனன்னு நீயும் சொன்ன. நெசமா ஒரு ஆளு இருக்குது, என் கண்ணு முன்னால ஒரு வருசம் நின்னுது, நான் அத திட்டிக்கினு இருந்திருக்கேன். அப்போ இது நடக்கிற காரியம்தான? எனக்கு அது முக்கியம்டி. ரொம்ப முக்கியம்.”

சொல்லிவிட்டு அவள் செல்வகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த அர்ச்சனா மெல்ல முன்னால் வந்து, “நாப்பத்தோராவது நான் இன்னும் படிக்கல. யாராவது படிங்களேன்” என்றாள். புதன்கிழமை இல்லாத ஒரு நாளில், போகிற வழியிலேயே, விஜயராணி படித்தாள். இரண்டு பேர் மட்டும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல செல்வகுமாரிக்கு அன்று நேரமில்லை.

அன்று மதிய இடைவேளையில் அவள் தமிழ்க்குமரனை அழைத்தாள். “பின்னட்டையில போட்டோ போடுங்க சார். ரெண்டு பேரும் இருக்கிற போட்டோ அனுப்புறேன். முடியாதுன்னா புத்தகம் வேணாம்.” அவர் முதலில், “யோசிச்சிக்கம்மா” என்றார். பிறகு, “வெளிச்சத்துல எடுத்ததா பார்த்து அனுப்பும்மா” என்றார்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நெட்டப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஐம்பது பேர் வந்தால் பெரிது என்று நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பெனி வேன் இரண்டு நடை அடித்தது. மடுகரையிலிருந்தும் பாகூரிலிருந்தும் முகம் தெரியாத பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். கூடம் நிரம்பி, சாப்பாட்டு மேசைகள் மேலேயும் உட்கார்ந்தார்கள். பலராமன் வரவில்லை. அவன் மனைவி பாக்யலட்சுமி மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

புத்தகத்தை வெளியிட்டது விஜயராணி. மைக் பிடித்துப் பழக்கமில்லாததால் சூப்பர்வைசர் குரலிலேயே பேசினாள். பேசி முடித்ததும் சட்டையை இன் பண்ணிய ஒருவர் எழுந்தார். “கதை நல்ல கதை. மறுக்கல. ஆனா எழுதறவங்க சொந்த விஷயம் வாசகனுக்குத் தேவையா?” என்று கேட்டார்.

“உங்களுக்குத் தேவை இல்லன்னா அந்தப் பின்னட்டையப் படிக்காதீங்க” என்றாள் விஜயராணி. “எனக்குத் தேவைப்பட்டுது. என்ன மாதிரி இங்க எத்தினி பேருக்குத் தேவைப்பட்டுதுன்னு கேட்டுப் பாருங்க.”

கேட்கத் தேவையே இருக்கவில்லை. கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் எங்கிருந்தோ ஒரு குரல், “முத்துவேல மேடைக்குக் கூப்புடுங்க!” என்று கத்தியது. கூடமே சிரித்தது. இன்னொரு குரல், இன்னொரு குரல் என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சமோசா தட்டு ஏந்திப் பின்னால் நின்றிருந்த சகாயராணியை இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்வகுமாரியைப் பார்த்தாள். செல்வகுமாரி தன் நாற்காலியில் பாதியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கொண்டுவந்த பிரதிகள் அரை மணியில் தீர்ந்தன. கிடைக்காதவர்களின் பெயரைத் தமிழ்க்குமரன் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்க நின்ற வரிசை கைகழுவும் தொட்டி வரைக்கும் நீண்டது. செல்வகுமாரி போட்டு முடித்ததும் எல்லோரும் புத்தகத்தைச் சகாயராணி பக்கம் நகர்த்தினார்கள்.

“முத்துவேல்னு போடுங்க” என்றாள் பாகூர்ப் பெண் ஒருத்தி.

“இல்லம்மா, என் பேரையே போடறேன்” என்றாள் சகாயராணி. செல்வகுமாரியின் பெயருக்குக் கீழே, நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அந்தப் பெண் மை ஈரம் காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தபடியே நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.